ஞாயிற்றுக்கிழமை வராத யானை

என் அத்தை, அதாவது என் கணவரைப் பெற்றவள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தவறாமல் தன் புருஷனோடு சண்டை போடக் கிளம்பிவிடுவாள். மாமா இறந்து வெகு காலம் ஆகியிருந்தது. அதை அவள் ஒரு தடையாகவே நினைக்கவில்லை.

சண்டை நடக்கும் இடம் எஸ்டேட் ஏரியின் கரை. மாட்டுப்பட்டி ஊரைத் தாண்டி இன்னும் மலைக்குள் போகவேண்டிய தேயிலைத் தோட்டம் எங்களுடையது. ஃபாக்டரிக்குக் கரண்ட் எடுக்க ஓடைக்குக் குறுக்கே எஸ்டேட்காரர்களே ஒரு சின்ன அணையைக் கட்டிக்கொண்டார்கள். நான் கல்யாணமாகி அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே தண்ணீர் நிரம்பிவிட்டது. ஒரு பக்கத்தில் அந்தத் தண்ணீர் இரண்டு மேடுகளுக்கு நடுவே புகுந்து, வளைந்து, அலையில்லாமல் நின்றது. பூகோளம் படித்த கணக்குப்பிள்ளை அதைக் 'குடா' என்பார். வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஜனங்களுக்கு அது 'முடக்கு'. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்த நான் கணக்குப்பிள்ளை எதிரில் குடா என்றும் வீட்டில் முடக்கு என்றும் சொல்லி இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கிக்கொண்டேன்.

முடக்கின் தண்ணீருக்கு அடியில் பழைய கல்லறைத் தோட்டம் இருந்தது. அணை கட்டுவதற்கு முன்னால் லயத்தில் இறந்த எங்கள் சபை ஜனங்களை எல்லாம் அங்கேதான் அடக்கம் செய்திருந்தார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் மேட்டுக்கு மாற்றித் தருகிறோம் என்று எஸ்டேட் வாக்குக் கொடுத்தது. வாசலில் நின்ற மரச்சிலுவையை மாற்றியும் தந்தது. ஆட்கள் கீழேயே தங்கிவிட்டார்கள். மாமா அவர்களில் ஒருவர்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகு எங்கள் லயத்துப் பெண்கள் முடக்குக்குப் போய் உட்காருவார்கள். கரையிலிருந்து பார்த்து யார் எங்கே கிடக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தியும் ஒரு அடையாளம் வைத்திருந்தாள். அத்தையின் அடையாளம் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு மொட்டைப் பாறை. அதற்கு இந்தப் பக்கம் மாமா. மற்றப் பெண்கள் ஜெபித்தார்கள், சிலர் அழுதார்கள். அத்தை பேசினாள். அந்த வாரத்தில் நடந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் தண்ணீரிடம் ஒப்பித்தாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

"இந்தாருங்க, கேட்டியளா. ஒங்க மருமவ மீன் கொழம்பு வச்சா. புளியக் கரைன்னா இந்த ஏரியவே கரைச்சி ஊத்தியிருக்கா. ஒங்க மவன் நல்லாருக்குன்னு சொல்லி ரெண்டாந்தரம் வாங்கித் திங்கான். அப்படியே நீங்கதான்."

குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து என் குற்றங்களை நானே கேட்டுக்கொண்டிருப்பேன். பதில் சொல்ல வழியில்லை, ஏனென்றால் பேச்சு என்னோடு இல்லை. மாமா உயிரோடு இருந்த காலத்திலும் வாய் திறக்காத மனிதராம். அத்தையை அவளுடைய மாமியார் கண்டபடி திட்டும்போது இவர் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். "எனக்காவ ஒரு வார்த்த பேசுனதில்ல" என்பதுதான் எல்லா ஞாயிறும் சண்டையின் கடைசி வரி. சொல்லிவிட்டு எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு, முகம் தெளிந்து வீட்டுக்கு வருவாள். அந்த ஒரு சாயங்காலம் இல்லாவிட்டால் அடுத்த ஆறு நாளும் அவள் என்னிடம் நேராகவே பேசியிருப்பாள் என்பதால், முடக்கின் பேரில் எனக்கும் பெரிய மரியாதை உண்டு.

ஒரு நாள் கரை நெடுக முளைகள் அடித்திருந்தன. முளைத் தலைகளில் சிவப்புச் சாயம். கம்பெனியின் துரைமார் வந்து தங்கவும் படகு விடவும் அங்கே ஒரு கிளப் வரப்போகிறது என்றார் கங்காணி. படகுத்துறை, புல்தரை, பந்து அடிக்கும் இடம், சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே லயத்து ஆட்களுக்கு என்ன வேலை? தட்டு கழுவுகிற வேலை இருக்கலாம்.

"நாங்க உக்காருத எடம்" என்றாள் அத்தை.

"தண்ணியப் பாத்து உக்காரதுக்கு எஸ்டேட்ல வேற எடமே இல்லயாக்கும்? அணைக்கட்டு மேல போய் உக்காருங்க, நல்லா காத்து வரும்" என்றார் கங்காணி.

"ஒம்ம அப்பனயும் ஆத்தாளயும் அணைக்கட்டுக்கு அடியிலயா பொதச்சிருக்கு?" என்று அத்தை கேட்டாள். கங்காணியின் அப்பாவும் முடக்குக்குள்தான் இருந்தார். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே, இது கம்பெனித் துரையின் ஆசை, எஸ்டேட்டை நடத்தும் எங்கள் துரையாலேயே தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆண்கள், தொழிலாளர் சங்கத்தில் சொல்லலாம் என்றார்கள். சங்கத்தில் சொன்னார்கள். சங்கம் மேலே சொல்வதாகச் சொன்னது. அதற்குள் கட்டட வேலை எடுத்த கண்டிராக்டர் லாரியில் மரமும் ஓடும் ஏற்றிக்கொண்டு வந்து, முடக்கின் ஓரத்தில் கூடாரம் அடித்துவிட்டார். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டைச் சேர்ந்த ராவுத்தர். நல்ல மனிதர். எங்களைப் பார்த்தால் கையைக் குவித்து, "ஏனுங்கம்மா, சௌக்கியமுங்களா?" என்பார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எங்கள் மனசு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

வேலை ஆரம்பிக்கிறார்கள் என்று தெரிந்த ஞாயிறு அத்தை மாமாவிடம் சண்டை போடவில்லை. என் பேரில் ஒரு குற்றமும் சொல்லவில்லை. சும்மா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனிமே ஒங்களுக்கு யாரு வந்து சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் நான் சோற்றைக் குழைய விட்டிருந்தேன், ஒரு சட்டியை உடைத்திருந்தேன். அதைப் பற்றிக்கூட அவள் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசனை எனக்கு வந்தது விறகு பொறுக்கப் போன இடத்தில். எஸ்டேட்டின் தலைமாட்டில், தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் யானைகள் நடமாட்டம் உண்டு. நடுவில் செங்குத்தான பாறை இருப்பதால் அவை முடக்குப் பக்கம் இறங்கியதே இல்லை. வழியில் ஒரு குவியல் லத்தி, யானைச் சாணி, உருண்டை உருண்டையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ராவுத்தர் சொன்னது ஞாபகம் வந்தது. கஞ்சிக்கோட்டில் அவர் வீட்டுக் கொல்லைக்கு மலையிலிருந்து யானை இறங்கி வருமாம். சின்ன வயதில் ஒருமுறை அது துரத்தி இவர் கிணற்றில் குதித்தாராம். சிங்கத்தைக் கூட எதிர்த்து நிற்பேன், யானை என்ற பேரைச் சொன்னால் ஓடிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அத்தையிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், தன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் முழுசாகத் தெரிந்தது.

"பொய் சொல்லச் சொல்லுதியா? நான் சபையில முன் பெஞ்சில உக்காருதவ."

"யாரு பொய் சொல்லுதா அத்தை? யானை வந்துச்சுன்னு நம்ம வாயால சொல்லவே வேண்டாம். லத்தியக் கொண்டு போடுவோம். பாக்கவன் என்ன நெனைக்கானோ அது அவன் பாடு."

அத்தை அடுப்பை ஊதினாள். மறுபடி ஊதினாள். அடுப்பு ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. "சாணி போடுதது பாவமில்ல" என்றாள் கடைசியில். "தோட்டத்துக்குத் தெனமும் போடுததுதான். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழம கூடாது. ஞாயித்துக்கிழம நம்ம லயத்துல யாரும் வேல செய்யப்படாது."

மறுநாளே மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு எங்கள் வேலை தொடங்கியது. லயத்துப் பெண்கள் விடிகாலையில் மாட்டுச்சாணியைக் கூடையில் சுமந்துகொண்டு முடக்கைத் தாண்டியுள்ள காய்கறித் தோட்டங்களுக்குப் போவதும், அங்கிருந்து அப்படியே பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுப்பதும் வழக்கம். சாணிக்கூடையோடு போகிற பெண்ணை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. மாலையில் புல்லறுக்கப் போகிறவர்கள் புல்கட்டுக்குள் லத்தியை வைத்துக் கொண்டுவந்தார்கள். காலையில் அது மாட்டுச்சாணிக்கு அடியில் கூடையில் போனது. கொழுந்துக் கூடையில் மட்டும் வைக்கக்கூடாது, டீ குடிக்கிறவன் என்ன பாவம் செய்தான் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். யானையின் கால்தடத்துக்கு எங்கள் வீட்டு மர உரல். ஈரக்கரையில் அதை நிறுத்தி, நான் மேலே ஏறி ஒரு குதி குதித்தால் அருமையான தடம் விழும். தன் உரலை நான் மிதிக்கிறேன் என்பதை அத்தை தாங்கிக்கொண்டது அவளுடைய பொறுமைக்கு ஒரு சாட்சி.

முளைகளையும் யானை பிடுங்கத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. பிடுங்கினோம். ஆனால் காய்ந்த நல்ல விறகைக் கண்ட பிறகு அதைப் போட்டுவிட்டு வர எங்கள் பெண்களால் முடியவில்லை. ஆளுக்கு நாலைந்து கூடையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முளைகளைப் பிடுங்கி அடுப்பெரிக்கக் கொண்டுபோகிற யானை உலகத்தில் எங்கள் எஸ்டேட்டில் மட்டும்தான் இருந்திருக்கும். அன்று காலை லயம் முழுக்க அடுப்புகளில் சிவப்புச் சாயத்தின் நாற்றம்.

ராவுத்தர் முதல் நாள் காலை லத்தியைப் பார்த்துவிட்டுக் கூடாரத்தை மேட்டுக்கு மாற்றினார். இரண்டாம் நாள் இன்னும் மேலே மாற்றினார். மூன்றாம் நாள் கூடாரம் லாரிக்குள் போயிற்று, அவரும் லாரிக்குள்ளேயே படுத்தார். கூலியாட்கள் பகலில் கூட இரண்டு பேராகச் சேர்ந்தே ஒதுங்கப் போனார்கள். எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் மறுபக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்படியும் இருந்தது. சிரிப்புதான் அதிகம் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலை ராவுத்தர் அத்தையை வழிமறித்தார். "ஏனுங்கம்மா, நீங்க விடியால இந்தப் பக்கமாத்தானே போறீங்க. யானையப் பாத்தீங்களா?"

எனக்கு உயிர் போய்விட்டது. அத்தை பொய் சொல்ல மாட்டாள்.

"யானைய நான் இங்க பாத்ததே இல்லய்யா" என்றாள் அத்தை, வேதத்தின் மேல் கை வைத்தவளைப் போல. "லத்தியத்தான் பாத்தேன். அன்னன்னைக்குப் புதுசாத்தான் கெடக்கு."

"கண்ணுக்கே சிக்காதுங்களா?" என்றார் ராவுத்தர். கண்ணுக்குத் தெரிகிற யானையைவிடத் தெரியாத யானை அவரை மிகவும் பயமுறுத்திவிட்டது. அன்றே துரையிடம் போய், ஆள் இல்லை, கூலி இல்லை, உயிர் இருந்தால்தானே கட்டடம் என்று முறையிட்டுவிட்டார்.

துரையைப் பற்றிச் சொல்லவேண்டும். சீமையிலிருந்து வந்தவர். நெட்டையான மனிதர், அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை மத்தியானங்களில் முடக்குக்கு எதிர்க்கரையில் தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டு, தூண்டில் போட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார். மீன் பிடித்துப் பார்த்தவர்கள் குறைவு. தமிழ் பேசுவார். லயத்து ஆட்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் யாராயிருந்தாலும் அவருக்கு 'அவன்'தான், 'வாடா'தான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் துப்பாக்கியோடு வந்து கரையைப் பார்த்தார். உரல் தடத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். முளை இருந்த குழிகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு லயத்துக் கூரைகளின் புகையைப் பார்த்தார். குதிரையேறிப் போய்விட்டார். மறுநாளும் வந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தினம் காலையில் குதிரையில் முடக்கைச் சுற்றிவிட்டுத்தான் ஃபாக்டரிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள்தான் அங்கே காலையில் போவதில்லையே.

அடுத்த ஞாயிறு எங்கள் சின்னக் கோயிலில், உபதேசியார் ஜெபத்தை முடிக்கும் நேரத்தில், துரை உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் டவுனில் உள்ள வெள்ளைக்காரர் கோயிலுக்குத்தான் போவார். உபதேசியாருக்குக் கை கால் ஓடவில்லை. இரண்டு வார்த்தை பேசும்படி கேட்டுக்கொண்டார். துரை எழுந்து முன்னால் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார்.

"எல்லாம் கேளு" என்றார். "முடக்குல ஒரு யானை வரான். திங்கள் வரான். செவ்வாய் வரான். புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லாம் வரான். ஞாயிறு வரான் இல்லே. ஒரு ஞாயிறும் வரான் இல்லே."

கோயிலில் குழந்தைகள்கூட அழவில்லை.

"ரொம்ப நல்ல யானை. ஆறு நாள் வேலை, ஒரு நாள் ரெஸ்ட். நம்ம சபை யானை. உபதேசியார், இவனுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா?"

உபதேசியாருக்கு ஒன்றும் தெரியாது. "இன்னும் இல்லைங்க துரை" என்றார், பயத்தில்.

பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் பாட்டுப் புத்தகத்துக்குள் இறங்கிவிட்டன. அத்தை மட்டும் முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து துரையை நேராகப் பார்த்தாள். துரையும் அவளைத்தான் பார்த்தார்.

"கம்பெனித் துரைக்கு நான் சொல்லியாச்சு. யானை வரான், கிளப் வேண்டாம், வேற இடம் பாரு. அவன் நம்ப மாட்டான். தானே பார்க்க வரான். வர ஞாயிறு காலையில வரான்." தொப்பியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். "அன்னிக்கு யானை வராட்டி கிளப் வரும். கிளப் வந்தா ரொம்பச் சத்தம். மீன் எல்லாம் ஓடிப் போகும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கிளப்பை எங்களுக்குப் பிடிக்காத அளவுக்கு அவருக்கும் பிடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தனியாக உட்காரத் தெரிந்த மனிதருக்கு உட்கார அந்தக் கரை வேண்டுமே. எங்களோடு சேர்ந்து அதைக் காப்பாற்ற வந்தவர், காப்பாற்றும் பாரத்தைத் தூக்கி அத்தையின் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் லயத்தில் வேறு பேச்சே இல்லை. ஆனால் அத்தை காதுபட ஒருத்தியும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டை பித்தான் தைத்ததற்காக ஒருத்தியின் முகத்தை மூன்று மாதம் பார்க்காமல் இருந்தவள் அத்தை. சனிக்கிழமை இரவே ஞாயிற்றுக்குத் தண்ணீர் எடுத்து, காய் நறுக்கி, விறகு பிளந்து வைப்பவள். அவளிடம் போய், ஞாயிறு விடிகாலையில் கூடை தூக்கலாமா என்று யார் கேட்பது? அதிலும் அந்த ஞாயிறு பாதிரி ஐயர் வருகிற ஞாயிறு. மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வந்து நற்கருணை கொடுப்பார். அத்தை முதல் ஆளாக முழங்காலிடுவாள்.

வெள்ளிக்கிழமை நானே வாயைத் திறந்தேன். "அத்தை, நான் ஒருத்தி மட்டும் போயிட்டு வந்திருதேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"ஒனக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கு" என்றாள் அத்தை. சனிக்கிழமை மாலை அவரைக்காய்த் தோட்டத்துக்கு எரு போதவில்லை என்று சொல்லிவிட்டுக் கூடையோடு போனவள் இருட்டும் நேரத்தில் வந்தாள். கூடையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் கண் விழித்தபோது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அத்தையின் பாய் சுருட்டி வைத்திருந்தது. சாணிக்கூடையைக் காணோம். நான் உரலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் பனி. முடக்கில் மூடுபனிக்குள் ஒரு வெள்ளைச் சேலை குனிந்து நிமிர்ந்து கொண்டிருந்தது. ஐயர் வருகிற நாளுக்கென்று பெட்டியில் வைத்திருக்கும் சேலை. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யத்தான் வேண்டும் என்றால், அதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய மரியாதையோடு செய்யவேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையால் லத்தி உருண்டைகளை எடுத்து எடுத்துக் கரையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. "உரலக் கொண்டாந்தியா? அந்தா அந்த ஈரத்துல குதி. பாத்துக் குதி, வழுக்கும்" என்றாள்.

நான் குதித்துக்கொண்டிருக்கும்போதே இடதுபக்கத்துப் பாதையில் யாரோ வந்தார்கள். எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரி, தலையில் கூடை. எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் வேறு பாதையில் ஒருத்தி. மேட்டுப் பக்கமிருந்து கங்காணியின் பெண்சாதி. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும், மற்றவர்கள் எல்லாம் பக்தியாக வீட்டில் இருப்பார்கள், பாவத்தை நாம் ஒருத்தியே சுமந்துகொள்வோம் என்று நினைத்துக் கிளம்பி வந்திருக்கிறாள். அத்தை இடுப்பில் கை வைத்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "சபையே வந்துட்டாக்கும்" என்றாள். "வந்தது வந்திய, சும்மா நிக்காதிய."

கூடைகள் எல்லாம் கவிழ்ந்தபோது முடக்கின் கரை பார்க்கச் சகிக்கவில்லை. இதுவரை வந்தது ஒரு யானை என்றால், அன்றைக்கு வந்தது அதன் கல்யாண கோஷ்டி.

கம்பெனித் துரை வந்து இறங்கிய காரை நாங்கள் கோயில் மேட்டிலிருந்து பார்த்தோம். பளபளவென்று பூட்சு போட்டிருந்தார். பத்தடி நடந்து நின்றார். ஒரு காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு மறுகாலை. ராவுத்தர் இரண்டு கைகளையும் விரித்து எவ்வளவு பெரியது என்று காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் துரை வாயில் பைப்பை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். கார் வந்த வேகத்தைவிட இரண்டு பங்கு வேகத்தில் திரும்பிப் போயிற்று. கிளப்பை டவுன் ரோட்டுப் பக்கம், ஏரியே இல்லாத இடத்தில் கட்டினார்கள். ராவுத்தர்தான் கட்டினார். போகும்போது அத்தையிடம் வந்து, "உசுரோட ஊடு போய்ச் சேந்தா போதுமுங்கம்மா" என்று கையைக் குவித்தார். அத்தை அவருக்கு ஒரு மூட்டை அவரைக்காய் கொடுத்தனுப்பினாள். பொய் சொல்லவில்லை என்றாலும் ஏதோ உறுத்தியிருக்கும்.

ஆனால் அந்த ஞாயிறு கோயிலில் நடந்ததையும் சொல்லவேண்டும். ஐயர் நற்கருணைக்கு அழைத்தபோது, முன் பெஞ்சிலிருந்து அத்தை எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களும் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் மட்டும் போய் முழங்காலிட்டார்கள். ஆராதனை முடிந்த பிறகு ஐயர் வந்து, "ஏம்மா எழும்பி வரலை? உடம்புக்கு என்ன?" என்று கேட்டார்.

"கை சுத்தமா இல்லய்யா" என்றாள் அத்தை.

அவள் கையைச் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும், நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஐயர் அந்தக் கையைப் பார்த்தார், ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எனக்கு அந்த இடத்திலேயே அவள் காலைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. செய்திருந்தால் திட்டியிருப்பாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல முடக்குக்குப் போனோம். வேலி இல்லை, முளை இல்லை, கூடாரம் இல்லை. காலையில் நாங்கள் போட்டதெல்லாம் அப்படியே கிடந்ததால் சேலையைத் தூக்கிக்கொண்டு இடம் பார்த்து உட்காரவேண்டியிருந்தது. எதிர்க்கரையில், சனிக்கிழமை மட்டுமே வருகிற துரை, ஞாயிறு என்பதால் தூண்டில் இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அத்தை மொட்டைப் பாறையைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இந்தாருங்க. ஒங்க மருமவ இன்னைக்கு உரலுக்கு மேல ஏறிக் குதிச்சா. உரல் விரிஞ்சி போச்சி. ஆனா ஒருத்தியும் சொல்லாம தானா தூக்கிட்டு ஓடியாந்தா, அதையும் சொல்லணும்லா." அவள் என்னைப் பற்றித் தண்ணீரிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பிறகு மற்றப் பெண்கள் ஜெபித்து முடித்து ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கடைசியில் அத்தை குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம வேல செஞ்சிட்டேன். ஆயுசுல மொத தடவ. மேல போனதும் என்னைய நிறுத்திக் கேப்பாங்க. இந்த மனுசனப் பாக்கதுக்காவச் செஞ்சேன்னு சொல்லுவேன். அப்பம் நீங்க பக்கத்துல நின்னு ஆமான்னு சொல்லணும். கூரையப் பாத்துக்கிட்டு நிக்கப்படாது. கேட்டியளா? எனக்காவ அந்த ஒரு வார்த்த பேசிருங்க."

தண்ணீர் அசையாமல் கிடந்தது. அத்தை கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்பமும் வாயத் தொறக்காரா பாரு" என்றாள்.